தராசு சொல்லாததை நகம் சொல்லும்



இந்த முறை தலையங்கத்தில் நகத்தைப் பற்றி எழுதுகிறேன். சம்பளப் பேச்சு நடக்கும் காலத்தில் இது என்ன என்று நினைக்க வேண்டாம். படித்து முடிக்கும்போது இதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சுத்தான் என்பது விளங்கும்.

எங்கள் பாடசாலையில் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நகம் பார்ப்பது வழக்கம். பிள்ளைகள் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் நீட்டுவார்கள். நகம் வளர்ந்திருந்தால், அழுக்கு இருந்தால் ஏசுவோம். போன வருடம் தரம் நான்கில் ஒரு பிள்ளை இருந்தாள். அவளுடைய நகங்கள் எப்போதும் ஒட்ட வெட்டிச் சுத்தமாக இருக்கும். "இவளைப் பார்த்துப் பழகுங்கள்" என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டியும் இருக்கிறேன். அந்த நகங்கள் நடுவில் பள்ளமாகி, ஓரம் மேலே எழும்பி, கரண்டி போல இருந்தது என் கண்ணில் பட்டதுதான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அழுக்கு இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தேன்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வந்த டொக்டர் அம்மா அவளுடைய விரலைப் பிடித்துப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "இந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுவாளா?" என்று என்னிடம் கேட்டார். தூங்கி விழுவாள். அதற்காக நான் அவளைச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன். இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் எட்டுக்குச் சற்று மேலே நின்றது.

தாயை வரச் சொன்னேன். மலையிலிருந்து படங்கைக்கூட அவிழ்க்காமல் நேரே வந்தார். கிளினிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது, "அக்கா, கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

"கொழுந்துக் கறை டீச்சர். என்ன தேய்ச்சாலும் போகாது" என்று கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார்.

கறைக்குக் கீழே மகளின் நகத்தில் இருந்த அதே பள்ளம். விசாரித்தபோது ஒவ்வொன்றாகச் சொன்னார். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. மூன்று மாதமாகக் கிலோ குறைந்து அடிக்கடி அரைப் பேர் விழுகிறது. கொழுந்து மடுவத்தில் எல்லோர் முன்னிலையிலும் சோம்பேறி என்று பேச்சு வாங்குகிறார். மகளுக்கு நான் சொன்ன அதே சொல்லைத் தாய்க்கு மலையில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே நோய்.

அன்றிலிருந்து நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனி வரை முழுவதும் புதிதாக வர ஆறு மாதமளவு ஆகும். ஆகவே இன்று உங்கள் விரலில் இருக்கும் நகம் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் உடம்புக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைக் காட்டக்கூடியது. அதனால்தான் நல்ல டொக்டர் நாடி பிடிக்கும்போதே நகத்தையும் பார்ப்பார்.

நம் பெண்கள் முதலில் அறிய வேண்டியது கரண்டி நகம். இரும்புச்சத்துக் குறையும்போது நகம் மெல்லியதாகி உடையும். பிறகு அதன் வளைவு போய்த் தட்டையாகும். கடைசியில் நடுவில் குழி விழும். கையை மேசையில் வைத்து நகத்தின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். சாதாரண நகத்தில் துளி வழிந்துவிடும். கரண்டி நகத்தில் அப்படியே தங்கி நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நாள் முழுவதும் ஈரத்தில் வேலை செய்பவர்களுக்கும், விரல் நுனியில் ஓயாமல் அழுத்தம் படுபவர்களுக்கும் நோய் இல்லாமலே நகம் இப்படி ஆகலாம். கைக்குழந்தைகளின் கால் நகம் இயல்பாகவே அப்படி இருப்பதும் உண்டு. கொழுந்து கிள்ளும் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் மட்டும் மாற்றம் இருந்தால் அது வேலையால் வந்ததாக இருக்கலாம். வேலை அதிகம் படாத மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் அதே பள்ளம் இருந்தால் சந்தேகம் கூடும். இன்னொரு விஷயம், கரண்டி நகம் இல்லாததால் இரத்தச்சோகை இல்லை என்று ஆகிவிடாது. இரத்தம் குறைந்த பலருக்கு நகத்தின் வடிவம் மாறுவதே இல்லை. ஆகவே நகத்தோடு கீழ் இமையின் உட்பக்கம், நாக்கு, உள்ளங்கை ரேகை ஆகியவை வெளுத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கறை படிந்த கையில் வெளுப்புத் தெரியாது. இமையில் கறை இல்லை. நோயை உறுதி செய்வது இரத்தப் பரிசோதனை மட்டுமே. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்கும், கர்ப்பிணிக்கு 11க்கும், ஆணுக்கு 13க்கும் குறைந்தால் அது இரத்தச்சோகை.

ஏன் நமக்கு இரத்தம் குறைகிறது? காலையில் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. மத்தியானம் சோறு, ஒரு கறி, அதன் மேல் மறுபடியும் சாயத்தண்ணி. இரும்புச்சத்து உள்ள சாப்பாடே குறைவு. கீரையிலும் பருப்பிலும் கிடைக்கிற கொஞ்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள். இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் அதே இலைதான் நம் வயிற்றுக்குள் இந்த வேலையைச் செய்கிறது. தேத்தண்ணி குடிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கீரை, கவ்பி, பருப்போடு தேசிக்காய்ப் புளி சேருங்கள், அல்லது ஒரு கொய்யா, ஒரு நெல்லிக்காய் சாப்பிடுங்கள். அது இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். நெத்தலி, முட்டை, ஈரல் வீட்டுக்கு வரும் நாளில் அதில் ஒரு பங்கு தாய்க்கும் மகளுக்கும் போகட்டும். எல்லோருக்கும் போட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் நம் லயத்தில் இன்னும் இருக்கிறது. ஆண் தோழர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

மாதா மாதம் போகும் இரத்தமும், அடுத்தடுத்த பிள்ளைப்பேறும் பெண்களிடமிருந்து இரும்புச்சத்தை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. மாதவிடாயில் போக்கு அதிகம் என்றால் அதை வெட்கப்படாமல் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். அடுத்தது கொக்கிப்புழு. அது மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறி, குடலில் கொக்கி போட்டு இரத்தம் குடிக்கும். இது புதுச் செய்தியல்ல. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கையில் கொக்கிப்புழுவுக்கு எதிரான வேலையைத் தொடங்கியபோது மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில்தான் தொடங்கியது. நூறு வருடம் கடந்தும் மலசலகூடம் ஒழுங்காக இல்லாத லயங்கள் இருக்கின்றன. காலணி இல்லாமல் மலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி அரைப் பேர் விஷயத்துக்கு வருகிறேன். 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் என்ற மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்ஜர்டன், செனவிரத்ன முதலிய ஆய்வாளர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரிடம் நடத்திய ஆய்வு அது. இரத்தம் குறைந்தவர்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்து, பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில், இரத்தம் கூடியவர்கள் கூடாதவர்களைவிட அதிகமாகப் பறித்தார்கள். மிகவும் இரத்தம் குறைந்திருந்தவர்களிடம், அதாவது ஹீமோகுளோபின் 6க்கும் 9க்கும் இடையில் இருந்தவர்களிடம், அந்த முன்னேற்றம் அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் இந்தோனேசியாவில் இறப்பர் பால் வெட்டும் ஆண்களிடம் நடந்த ஆய்வும் இதையே காட்டியது.

கூடையில் குறைந்த கிலோவுக்குக் காரணம் சோம்பல் அல்ல, இரத்தம் குறைந்ததாக இருக்கலாம் என்பது நம் மலையிலேயே நிறுத்துப் பார்த்து எழுதிவைக்கப்பட்ட உண்மை. அது எழுதப்பட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அதற்குள் தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தராசு மாறியது, கிலோ அளவு மாறியது. கிலோ குறைந்தவரின் நகத்தைப் பார்க்கும் வழக்கம் மட்டும் வரவில்லை. நோயால் கிலோ குறைகிறது. கிலோ குறைந்ததால் அரைப் பேர். அரைப் பேரால் வீட்டில் சாப்பாடு குறைகிறது. சாப்பாடு குறைய நோய் கூடுகிறது. இந்தச் சுற்றுக்குள் பிள்ளைகளும் விழுகிறார்கள் என்பதற்கு என் வகுப்பே சாட்சி.

நகம் இரத்தச்சோகையை மட்டும் காட்டுவதில்லை. நம் லயங்களில் நான் கண்டதையும் கேட்டதையும் வைத்து வேறு சிலவற்றையும் சொல்கிறேன்.

விரல் நுனி தடித்து, நகம் கிளி மூக்குப் போல வளைந்திருந்தால் அதை விடக்கூடாது. 2,400 வருடங்களுக்கு முன்பே கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் இதைக் குறித்துவைத்தார். வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கைகளின் ஒரே விரல்களை, நகத்தோடு நகம் முகம் பார்க்கும்படி ஒட்டி வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நகங்களின் அடியில் சாய்சதுர வடிவில் ஒரு சிறு இடைவெளி தெரிய வேண்டும். ஷம்ரொத் என்ற தென்னாபிரிக்க இருதய வைத்தியர், தனக்கு நோய் வந்தபோது தன் விரலிலேயே அந்த இடைவெளி மறைந்து மீண்டும் வந்ததைப் பார்த்து 1976இல் எழுதிய சோதனை இது. இடைவெளி இல்லையென்றால் நுரையீரலில் புற்றுநோய், நெடுநாள் சீழ், இருதயத்தில் பிறவிக் குறை, ஈரல் நோய் என்று பல காரணம் இருக்கலாம். விறகடுப்புப் புகையாலும் பீடியாலும் வரும் பழைய இருமல் மட்டும் பொதுவாக நகத்தை இப்படி மாற்றாது. ஆகவே, "பழைய இருமல்தானே" என்று இருந்துவிடாதீர்கள். நகம் எப்படி இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம்.

நகம் முழுவதும் வெள்ளையாகி நுனியில் மட்டும் ஒல்லியாகச் சிவப்புப் பட்டை நின்றால் ஈரல் கெட்டிருக்கலாம். கசிப்புக் குடிக்கும் தோழர்களின் மனைவிமார் இதைக் கவனிக்க வேண்டும். வயதானாலும், சீனி வருத்தத்தாலும், இருதய நோயாலும்கூட இப்படி வருவதுண்டு. அடிப்பாதி வெள்ளையாகவும் நுனிப்பாதி சிவந்த மண்ணிறமாகவும் இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். கடும் காய்ச்சல் வந்து போனவர்களுக்கு எல்லா நகத்திலும் ஒரே மட்டத்தில் குறுக்கே ஒரு பள்ளக் கோடு வரும். அது நோய் நேரத்தில் நகம் வளராமல் நின்றதன் அடையாளம். அடியிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் காய்ச்சல் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன் வந்தது என்று கணக்குப் போடலாம். அது தானாக வளர்ந்து போய்விடும்.

பனிக் காலையில் மலையில் நிற்கும்போது நகம் நீலமாவது குளிரால். கை சூடான பிறகும் நீலம் போகாமல், உதடும் நாக்கும் நீலமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரே ஒரு விரலில் கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரருக்குப் பல விரலில் மெல்லிய மண்ணிறக் கோடுகள் இருப்பது இயல்பு. களைநாசினி அடிக்கும் ஆண்கள் நகம் நிறம் மாறினாலோ கழன்றாலோ மறைக்கக் கூடாது. 2008 முதல் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பரகுவாட், கையுறையில்லாமல் கலந்தவர்களின் நகத்தைக் கெடுத்தது வேறு நாடுகளிலும் பதிவான விஷயம். எந்த மருந்தானாலும் கையுறை கேட்பது உங்கள் உரிமை.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. நகத்தில் வரும் சின்ன வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் எங்கோ இடிபட்ட அடையாளம், கல்சியக் குறைவு அல்ல. வயதாகும்போது நீளவாக்கில் கோடுகள் விழுவதும் சாதாரணமே.

இதைப் படித்துவிட்டு டவுன் பாமசியில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். தலசீமியா போன்ற பரம்பரை நோயாலும் இரத்தம் குறையும். அதற்கு இரும்பு மாத்திரை மருந்தல்ல, சில வேளை கெடுதலாகவும் முடியும். முதலில் பரிசோதனை. டொக்டர் மாத்திரை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தண்ணீரோடு விழுங்குங்கள். மலம் கறுத்துப் போகும், வயிறு சற்று இறுகும். அதற்குப் பயந்து பத்து நாளில் நிறுத்தியவர்கள் நம்மில் பலர். இரத்தம் கூடிய பிறகும் சில மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் சேமிப்பு வரும். மாத்திரைப் போத்தலைச் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அளவுக்கு மீறினால் குழந்தைக்கு அது நஞ்சு.

இவ்வளவும் தெரிந்தாலும் என் மாணவியின் தாய் ஏன் கிளினிக்குக்குப் போகவில்லை? நான் கேட்டேன். "போனா ஒரு பேர் போயிரும் டீச்சர். பஸ் காசும் போகும். டிஸ்பென்சரிக்குப் போனா பெனடோல் குடுப்பாங்க" என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. ஆனால் அங்கே போய்வரும் நாளுக்கு நம் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்கிறார். நோயாளித் தொழிலாளியைக் கவனிப்பது தோட்டத்தின் கடமை என்பதை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. நாம் கேட்பது புதிய சலுகை அல்ல.

ஆகவே நம் தோட்டக் கமிட்டிகள் இந்தக் கோரிக்கைகளை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

முதலாவது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாத் தொழிலாளருக்கும் தோட்டத்திலேயே, வேலை நேரத்தில், பேர் வெட்டாமல் ஹீமோகுளோபின் பரிசோதனை.

இரண்டாவது, ஒருவருடைய கிலோ தொடர்ந்து குறைந்தால் ஏசுவதற்கும் அரைப் பேர் போடுவதற்கும் முன் அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, பூச்சி மாத்திரை, காலணி, மலசலகூடம், மலையில் குடிதண்ணீர். இவை இல்லாமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

நான்காவது, பரிசோதனை முடிவு தொழிலாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் இருக்க வேண்டும். அதைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. இரத்தம் கூடிவிட்டது என்று சொல்லி ஒரு நாளுக்கான கிலோ அளவை ஏற்றவும் கூடாது. 1979 ஆய்வைக் கம்பனிகளும் படிக்கலாம். அதிகக் கொழுந்துக்காக அல்ல, மேடு ஏறும்போது மூச்சு முட்டாமல் இருப்பதற்காகவே நாம் இதைக் கேட்கிறோம்.

நிர்வாகம் பதில் சொல்லும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாதர் தலைவிமார் அடுத்த கூட்டத்தில் சந்தாப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒவ்வொருவருடைய கையையும் இமையையும் பாருங்கள். சந்தேகமானவர்களின் பெயரை எழுதி, மூன்று நான்கு பேராகச் சேர்த்துக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர் கூட்டமாகப் போவார். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் சுகவனிதையர் கிளினிக்கைத் தவறவிட வேண்டாம். ஆசிரியத் தோழர்களே, திங்கட்கிழமை நகம் பார்க்கும்போது அழுக்கை மட்டும் பார்க்காதீர்கள்.

அந்தப் பிள்ளை இப்போது தரம் ஐந்தில் படிக்கிறாள். தாயும் மகளும் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தார்கள். போன மாதம் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். அடியிலிருந்து வளர்ந்து வந்த நகம் வளைவோடு இருந்தது. நுனியில் மட்டும் பழைய பள்ளத்தின் ஓரம் கொஞ்சம் மிச்சம். "அம்மாவுக்கு எப்படி?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு இப்ப முழுப் பேர் டீச்சர்" என்றாள்.

அவளுடைய தாய்க்கு மூன்று மாதம் விழுந்த அரைப் பேர்களுக்கான சம்பளம் இன்னும் திரும்பி வரவில்லை. அதைக் கேட்டு எழுதிய கடிதம் நிர்வாகத்தின் மேசையில் இருக்கிறது. பதில் வந்ததும் இதே பக்கத்தில் எழுதுவேன்.